சிங்கப்பூர் நான்கு இரவு, தனி ஆள்: தேக்காவில் ஹாஸ்டல் படுக்கையா, கேலாங்கில் தனி அறையா?

உறையூரான்
வணக்கம். அடுத்த மாதம் நான்கு இரவு சிங்கப்பூரில் இருக்க வேண்டும். சன்டெக்கில் ஒரு கண்காட்சி, இரண்டு நாள் அங்கே வேலை, மீதி நாள் சுற்றலாம் என்று நினைக்கிறேன். டிக்கெட்டையும் விசாவையும் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. தங்குவதற்கு அவர்கள் கொடுக்கும் படியில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேண்டுமானால் நன்றாகத் தங்கலாம். தேடிப் பார்த்ததில் ஓரளவு நல்ல ஹோட்டல் அறை ஒரு இரவுக்கு 10 ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில் ஹாஸ்டல் படுக்கை 36 சிங்கப்பூர் டாலர், எட்டுப் பேர் அறை. கேலாங்கில் தனி அறை 75 டாலர். எனக்கு வயது 43, கடைசியாக ஹாஸ்டலில் இருந்தது பாலிடெக்னிக் படிக்கும்போது. வீட்டில் சொன்னால் என் மகள் "வார்டன் இருப்பாரா அப்பா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். எனக்குத் தூக்கம் முக்கியம், பக்கத்தில் யாராவது குறட்டை விட்டால் அவ்வளவுதான், விடிய விடிய கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_வாசி
இங்கே பதினாறு வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதே எனக்குப் பாதி வேலை. முதலில் ஒன்று. "தெரிந்தவர் வீட்டில் ரூம் இருக்கிறது, நாலு நாள் தங்கு, காசு கொடுத்துவிடு" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். இங்கே வீட்டை நாள் கணக்கில் வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. எச்டிபி வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது 6 மாதம், தனியார் அடுக்குமாடி என்றால் 3 மாதம். சொந்தக்காரர் வீட்டில் சும்மா தங்குவது வேறு. ஆக காசு குறைவு என்றால் உரிமம் வாங்கிய ஹாஸ்டல்தான் வழி.

கேலாங்கில் வாடகை ஏன் குறைவு என்றால் அது இங்கே அரசு கண்டும் காணாமல் விட்டிருக்கும் சிவப்பு விளக்குப் பகுதி. பயப்பட ஒன்றும் இல்லை, சாப்பாட்டுக்கு நடுராத்திரியிலும் ஆள் போகிற இடம்தான். ஆனால் அங்கே மலிவு ஹோட்டல்கள் சில மணிக்கணக்கில் அறை விடுகிறவை, சுவர் மெல்லியது, மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தூக்கம் முக்கியம் என்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

தேக்கா பக்கம் ஹாஸ்டல் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் டன்லப் ஸ்திரீட், டிக்சன் ரோடு, ஜாலான் புசார் சுற்றி. எல்லாம் பழைய கடைவீடுகள். கடைவீடு என்றால் முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம், இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. அதனால் முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் இருக்கிற அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. படத்தில் ஜன்னல் தெரிகிறது என்று நம்பிப் பதிவு செய்து, போய்ப் பார்த்தால் இருட்டு அறை என்று புலம்புகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் அந்த இருட்டு அறைதான் தூங்குவதற்கு நல்லது. முன் ஜன்னல் அறைக்குத் தெருச் சத்தம் முழுக்க வரும்.

சோழவந்தான்
கேலாங்கே போங்க. 43 வயதில் எட்டுப் பேரோடு படுப்பது எல்லாம் தேவையா? ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வீர்கள்.

உறையூரான்
@சோழவந்தான் நாலு பேர் கேட்டால் சன்டெக்கில் தங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன் :)

@தேக்கா_வாசி அண்ணா, மிக்க நன்றி. ஏர்போர்ட்டிலிருந்து வருவது எப்படி? மேப் ரோச்சோர் ஸ்டேஷன் என்று காட்டுகிறது.

தேக்கா_வாசி
ரோச்சோரில் இறங்காதீர்கள், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாங்கியில் ரயில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் மாறி டவுன்டவுன் லைன் பிடித்தால், அது நேராக வந்து ஜாலான் புசாரைத் தொட்டுவிட்டு, அப்புறம் சைனாடவுன், பேஃபிரன்ட், புரோமனாட், பூகிஸ் என்று நகரத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ரோச்சோருக்கு வரும். இரண்டு நிலையத்துக்கும் நடுவில் தரைக்கு மேல் பத்து நிமிட நடைதான்! அதனால் பெட்டியோடு வரும்போது ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள். மூன்று வெள்ளிக்குள் (டாலரை இங்கே வெள்ளி என்போம்) முடிந்துவிடும். தினமும் சன்டெக் போவதற்கு மட்டும் ரோச்சோரில் ஏறுங்கள், பூகிஸ் தாண்டினால் புரோமனாட், இரண்டே நிலையம். சில்லறை, டிக்கெட் எதுவும் வேண்டாம், விசா அல்லது மாஸ்டர்கார்டு தட்டினால் கதவு திறக்கும். வெளிநாட்டு அட்டைக்கு நாளுக்கு ஒரு சின்னக் கட்டணம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

வத்தலகுண்டு_பயணி
எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அந்தப் பகுதியில் ஒரு ஹாஸ்டல், பெயர் வேண்டாம். பன்னிரண்டு பேர் அறை, 24 டாலர், மலிவாகக் கிடைத்ததே என்று பதிவு செய்தேன். இரண்டாம் நாள் காலையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக மூன்று மூன்றாகத் தடிப்பு. ஊரில் மூட்டைப்பூச்சிக் கடி பார்த்தவனுக்குச் சந்தேகமே இல்லை. மெத்தை ஓரத்துத் தையலைப் பிரித்துக் காட்டினேன், கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. ரிசப்ஷனில் இருந்த பையன் "கொசுவா இருக்கும் சார்" என்றான். ஏசி அறையில், ஜன்னலே இல்லாத அறையில், கொசு! வேறு படுக்கை கேட்டேன், இல்லை. காசு திரும்பக் கேட்டேன், பதிவு செய்த தளத்தைக் கேளுங்கள் என்றான். அன்று இரவு முகப்பறை சோபாவில்தான் படுத்தேன். ஊர் திரும்பியதும் பையோடு துணி எல்லாவற்றையும் மொட்டை மாடியில் கொட்டி வெந்நீரில் அலசினோம், என் மனைவி இன்னும் அந்தப் பையை வீட்டுக்குள் விடவில்லை.

ஆகையால் போனதும் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். முதலில் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் நான்கு மூலையையும் கட்டிலின் இணைப்பு இடங்களையும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

கரவெட்டி_மதி
நான் கொழும்பிலிருந்து வேலை விசயமாக இரண்டு தரம் வந்து தங்கினனான், இரண்டு தரமும் பெண்களுக்கு மட்டுமான அறை. தனியாகப் போகிற பெண்கள் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். பெண்கள் அறை என்று போட்டிருந்தாலும் குளியலறை பொதுவாக இருக்கும், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளவும். நான் முதலில் தங்கின இடத்தில் ஒரே மாடியில் மூன்று குளியலறை, ஆண் பெண் எல்லோருக்கும். அதுவும் கழிப்பிடமும் ஷவரும் ஒரே சின்னப் பெட்டிக்குள், குளித்து முடிய நிலம் முழுக்க ஈரம், உடுப்புக் கொழுவ ஒரே ஒரு கொக்கி. ஒரு நீளமான பிளாஸ்டிக் பையும் ரப்பர் செருப்பும் கொண்டுபோங்கள், அதற்குள் உடுப்பைப் போட்டுக் கொழுவலாம். மற்றது, கழிப்பிடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்குமோ என்று எங்கட ஆக்கள் எல்லோருக்கும் ஒரு கவலை இருக்கும், வாய் விட்டுக் கேட்கமாட்டார்கள். இந்தப் பகுதியில் அனேகமாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் போதும்.

பயம் என்று பார்த்தால் இரவு பதினொரு மணிக்குத் தனிய நடந்து வந்திருக்கிறேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அறைக்குள் சரியான குளிர், அதுதான் தொல்லை. ஏசியின் விசை எங்கட கையில் இருக்காது, மெல்லிய போர்வை ஒன்றுதான் தருவார்கள். ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோங்கோ.

ரங்கநாதன்_62
நான் 1984-ல் திருவல்லிக்கேணி மேன்சனில் நான்கு வருடம் இருந்தவன். ஒரு அறையில் மூன்று கட்டில், காலையில் குளியலறைக்கு வரிசை, ஞாயிற்றுக்கிழமை கொடிக்கயிற்றுக்குச் சண்டை. அதனால் பலரோடு படுப்பதில் எனக்கு எந்த மானப் பிரச்சினையும் இல்லை. ஆனால் மேன்சனில் பக்கத்துக் கட்டில்காரன் ஊர், பேர், சம்பளம், காதல் எல்லாம் தெரியும். போன வருடம் மகனைப் பார்க்கப் போனபோது அவன் வீட்டில் இடம் இல்லாமல் இரண்டு இரவு இப்படி ஒரு கேப்சூலில், அதாவது பெட்டி மாதிரிப் படுக்கையில் தங்கினேன். திரையை இழுத்துவிட்டு உள்ளே படுத்திருக்கிறார்கள், ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. என் கீழே படுத்திருந்தவரின் கால் மட்டும்தான் இரண்டு நாளும் பார்த்தேன். நல்ல சுத்தமான கால். அவ்வளவுதான் பழக்கம்.

மேல் கட்டிலுக்கு ஏணி நேர்க்குத்தாக இருக்கும், படி இல்லாமல் கம்பி மட்டும். வெறும் காலில் ஏறினால் உள்ளங்கால் வலிக்கும். என் வயதுக்காரர்கள் பதிவு செய்யும்போதே கீழ்க் கட்டில் கேட்டு எழுதிவிடுங்கள், ராத்திரி இரண்டு தரம் இறங்க வேண்டியிருக்கும் அல்லவா.

ஸ்கூடாய்_முரளி
அண்ணே, இன்னொரு வழி கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கிற ஜொகூர் பாரு. 75 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் எங்கள் ஊரில் நல்ல பெரிய ஹோட்டலில் காலை உணவோடு தங்கலாம். குவீன் ஸ்திரீட்டிலிருந்து பேருந்து இருக்கிறது, அது தேக்காவுக்குப் பக்கம்தான்.

தேக்கா_வாசி
@ஸ்கூடாய்_முரளி தம்பி, கடற்பாலத்தில் காலை நேரக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? தினமும் போகும்போது இரண்டு குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை, வரும்போது இரண்டு. கண்காட்சி திறக்கும் நேரத்துக்கு வர வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். இவருக்கு சிங்கப்பூர் விசா எத்தனை தரம் நுழையலாம் என்று பார்க்க வேண்டும், மலேசியாவுக்குள் நுழையும் விதிகள் தனி. மிச்சம் பிடிக்கிற காசு எல்லாம் தூக்கத்தில் போய்விடும்.

ஸ்கூடாய்_முரளி
சரி அண்ணே, அது உண்மைதான். நானே அதிகாலை நாலரைக்குக் கிளம்புகிறவன். பழகிவிட்டது என்பதால் சொல்லிவிட்டேன்.

விமானதாசன்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஏரியாவில் இருக்காதீர்கள். லேபர் கூட்டம், நடக்கவே முடியாது.

மணல்மேல்குடி
@விமானதாசன் அந்த லேபர் கூட்டத்தில் ஒருவன்தான் நான். கட்டுமானத்தில் இருக்கிறேன், துவாஸ் பக்கம் தங்கும் விடுதி. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒருநாள் தேக்காவுக்கு வந்தால்தான் ஊர்க்காரன் முகம் பார்க்கலாம், வீட்டுக்குப் பணம் போடலாம், வாழை இலையில் சாப்பிடலாம். கூட்டம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் தி.நகர் போனால் கூட்டம் இல்லையா? அங்கே போகாதே என்று யாரும் சொல்வதில்லை.

தேக்கா_வாசி
மணல்மேல்குடி சொல்வது சரி. 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் சட்டம் வந்து, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது குடிக்க முடியாது. மற்ற இடங்களிலும் தினமும் இரவு பத்தரைக்கு மேல் முடியாது. நம் ஊர் சுற்றுலாப் பயணிகள்தான் ஹாஸ்டல் வாசலில் பீர் டின்னோடு நின்று மாட்டிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து சிகரெட் கொண்டுவருகிறவர்களும் கவனம். ஒரு குச்சிக்குக்கூட வரிவிலக்கு கிடையாது, சொல்லிவிட்டு வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் கொண்டுவரவே கூடாது.

தைப்பூச நேரத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று: காவடிகள் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோவிலில் கிளம்பி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை போகும், முந்தின நள்ளிரவுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். அந்த வழியில் அறை கிடைத்தால் தூக்கத்தை மறந்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் கார்ப் பந்தய வாரம் வந்தால் இதே 36 வெள்ளிப் படுக்கைக்கு என்ன விலை கேட்பார்கள் என்று சொல்லவே முடியாது.

உறையூரான்
எல்லோருக்கும் நன்றி. ஹாஸ்டலே பதிவு செய்துவிட்டேன், கீழ்க் கட்டில் கேட்டு எழுதியிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. திருச்சி விமானம் காலை ஆறரைக்கு இறங்குகிறது, ஹாஸ்டலில் படுக்கை கொடுப்பது மதியம் 3 மணிக்கு என்கிறார்கள். இடையில் என்ன செய்வது?

கரவெட்டி_மதி
பையை மட்டும் காலையிலேயே வாங்கி வைப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். பாஸ்போர்ட், காசு, மடிக்கணினி கையோடு இருக்கட்டும், பைகள் வைக்கிற இடம் படிக்கட்டுக்குக் கீழே திறந்த வெளிதான்.

தேக்கா_வாசி
பையைப் போட்டுவிட்டு தேக்கா சந்தைக் கீழ்த்தளத்துக்கு வாருங்கள், பரோட்டாவும் ஒரு தே தாரேயும் (நன்றாக ஆற்றிய பால் டீ) போடுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும், மேசையில் விட்டுவிட்டு எழுந்தால் 2021 முதல் அது சட்டப்படி குற்றம். நம் ஊர்ப் பழக்கத்தில் எழுந்துவிடாதீர்கள்.

உறையூரான்
ஊர் வந்து சேர்ந்தாயிற்று. சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஜாலான் புசாரில் இறங்கியது கோடி புண்ணியம். பெட்டியை உருட்டிக்கொண்டு ஏழு நிமிடம். வாசலில் செருப்பு அடுக்கு, கோவில் மாதிரி. பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கீழே இருக்கிற குளியலறையில் குளிக்கவும் விட்டார்கள். மூன்று மணிக்கு வந்ததும் வத்தலகுண்டு நண்பர் சொன்னபடி டார்ச் அடித்து மெத்தையின் நான்கு மூலையையும் பார்த்தேன். எதிர்க் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரப் பையன் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவனும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டான். ஒன்றும் இல்லை, சுத்தம்.

கட்டில் என்றால் மரப்பெட்டி மாதிரி, மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் தடித் துணித் திரை. உள்ளே ஒரு விளக்கு, ஒரு சின்ன மாடம், ஒரு பிளக். அந்தப் பிளக்கில்தான் மாட்டிக்கொண்டேன், அங்கே தடித்த சதுரக் கால் மூன்று உள்ள பிளக், நம் ஊர்ச் சார்ஜர் போகவே போகாது. இதை ஒருவர்கூட இங்கே சொல்லவில்லையே! லாக்கர் இருந்தது, பூட்டு இல்லை. அதையும் போய் வாங்கினேன். சாவி அட்டைக்கு 20 டாலர் முன்பணம், கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் வாங்கவே இல்லை, குழாய்த் தண்ணீரைத்தான் எல்லோரும் பிடித்துக் குடிக்கிறார்கள், முதல் நாள் யோசித்தேன், இரண்டாம் நாளிலிருந்து நானும்தான்.

ரங்கநாதன் ஐயா சொன்ன மாதிரி திரைக்குப் பின்னால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் கீழே சமையலறையில் பேசுகிறார்கள். கும்பகோணத்துப் பையன் ஒருவன் வேலை நேர்காணலுக்கு வந்திருந்தான், இஸ்திரிப் பெட்டி இல்லை என்று சட்டையைக் குளியலறைக் கொக்கியில் மாட்டி வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு ஆவியில் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தான். என் மேல் கட்டிலில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனப் பெரியவர், எழுபது வயது இருக்கும். கீழ்க் கட்டில் எனக்குக் கொடுத்துவிட்டதால் அவர் அந்தக் கம்பி ஏணியில் ஏறி இறங்குகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "மேலே ஏசி நேராக வரும், அதுதான் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

குறட்டை இருந்ததா என்றால் இருந்தது, பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுதான், காதில் பஞ்சு வைத்ததும் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன். அதில்தான் வினை. ஊரில் காலை 5 மணிக்கு நடைக்குப் போக போனில் அலாரம் வைத்திருப்பேன், தினமும் தானாக அடிக்கும், ஒரு முருகன் பாட்டு, முழுச் சத்தம். போன் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறிவிட்டது. அங்கே 5 என்றால் என் உடம்புக்கு விடியற்காலை இரண்டரை. காதில் வேறு பஞ்சு. பாட்டு முழுவதும் ஓடி, நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பித்ததாம். யாரோ காலைப் பிடித்து ஆட்டினார்கள், கண் விழித்தால் திரையை விலக்கிக்கொண்டு ஈப்போ பெரியவர் தலைகீழாகத் தொங்குகிறார். அறை முழுக்க விளக்கு எரிகிறது. ஏழு பேரும் விழித்திருக்கிறார்கள். அந்தக் கும்பகோணத்துப் பையனுக்கு அன்றுதான் நேர்காணல். 

ரங்கநாதன்_62
ஹாஹா, அப்படியானால் அந்த அறையில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த ஆள் நீங்கள்தான்.

சோழவந்தான்
வார்டன் இருந்திருந்தால் ஃபைன் போட்டிருப்பார்.

உறையூரான்
காலையில் ஏழு பேருக்கும் தே தாரே என் செலவு. பெரியவர் மட்டும் கறுப்புக் காப்பி போதும் என்றார். பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், எண் வாங்கிக்கொண்டேன், கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

வத்தலகுண்டு_பயணி
மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

உறையூரான்
படுக்கை 36 வீதம் நான்கு இரவு 144. பார்க்கும்போது வரி சேர்த்த விலையா என்று பாருங்கள், நான் முதலில் பார்த்த ஒரு இடத்தில் 9 சதவீத ஜிஎஸ்டி கடைசிப் பக்கத்தில்தான் வந்தது. பூட்டு 4, பிளக் மாற்றி 3, இரண்டும் முஸ்தபா கடையில். தே தாரே கணக்கில் சேர்க்கவில்லை.

கரவெட்டி_மதி
பிளக் விசயத்தை எழுதாமல் விட்டது என் பிழைதான். எங்களிடமும் இப்ப அந்தச் சதுரக் கால்தான், அதனால் எனக்கு ஞாபகமே வரவில்லை.

விமானதாசன்
நான் ஜனவரியில் போகிறேன், தைப்பூசம் பார்க்கலாம் என்று. அந்த ஹாஸ்டல் பெயரைத் தனிமடலில் அனுப்ப முடியுமா?

உறையூரான்
அனுப்பிவிட்டேன். பிளக் மாற்றியும் பூட்டும் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, உறையூர் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அலாரத்தை மட்டும் ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.